வடக்கே சூலம்

என் அக்கா ஃபோனை எடுத்து "ஹலோ" என்றால் எதிர்முனையில் இருப்பவர்கள் "சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். காஸ் சிலிண்டர்காரராக இருந்தாலும் சரி, இன்ஷூரன்ஸ் விற்கிறவராக இருந்தாலும் சரி, அப்படித்தான். அக்கா திருத்த மாட்டாள். அந்தக் கட்டைக் குரலிலேயே "சொல்லுங்கோ" என்று கேட்டு, காரியத்தை முடித்துவிட்டு வைத்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இந்தக் குரல் என்னவாக இருந்தது தெரியுமா உமக்கு என்று ரிசீவரைப் பிடுங்கிக் கத்தவேண்டும் போல இருக்கும்.

அக்கா பாடகி. பாடகியாக இருந்தாள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஐந்து வயதிலிருந்து அக்கா பாடுவதை அந்தச் சந்தே கேட்டிருக்கிறது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் எங்கள் ஜன்னலடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பாட வராது, ஆனால் தொடையில் தாளம் போட வரும். அக்கா பாடும்போதெல்லாம் அவர் தொடை சிவந்துபோயிருக்கும். எனக்கோ வாய் மட்டும் உண்டு, குரல் கிடையாது. "தவளை தன் வாயால் கெடும்" என்று அப்பா என்னைப் பார்த்து வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார்.

மார்கழிக் கச்சேரி சீசனில் அக்காவுக்குப் பல வருஷங்களாக மத்தியான நேரம்தான் கொடுத்து வந்தார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது. கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் கான்டீனில் இலை காலியாகும்வரை உட்கார மின்விசிறியுள்ள இடம் தேடி வந்தவர்கள். தோசை வாசனைக்கு நடுவே தோடி பாடிப் பாடி, கடைசியில் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஒரு சபாவில் சாயங்காலக் கச்சேரி கொடுத்தார்கள். அப்பா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆவணி மாதம் அக்காவின் குரல் உடைந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனால் காற்று மட்டும் வந்தது. அடையாறில் ஒரு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் குழாய் மாதிரி ஒன்றை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். ஊசி வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம், ஓய்வு கொடுத்தால் தானாகவே கரைந்துவிடும். பேசக் கூடாது, முனகக் கூடாது, காதோடு ரகசியம் பேசுவதுகூடக் கெடுதல். தீபாவளி கழிந்து வாருங்கள், நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் சத்தம் என்பதே வர வேண்டும் என்றார்.

"மனசுக்குள்ள பாடிக்கலாமோல்லியோ?" என்று அப்பா கேட்டார். டாக்டர் அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேணும்னா நீங்க பாடிக்கோங்க சார்" என்றார்.

ஓய்வு கொடுப்பது பெரிய காரியமில்லை. நவராத்திரிதான் பெரிய காரியமாக வந்து நின்றது. மயிலாப்பூரில் நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருகிற மாமி ஒவ்வொருத்தியும் ஒரு பாட்டுப் பாடுவாள். முடித்துவிட்டு வீட்டுப் பெண்ணைப் பார்த்து "நீ ஒண்ணு பாடேன்" என்பாள். எங்கள் வீட்டில் அக்கா வாயைத் திறக்காமல் சுண்டல் மட்டும் கொடுத்தால், அன்று சாயங்காலத்துக்குள் நாலு மாட வீதிக்கும் சேதி போய்விடும். மறுநாள் சபா செகரட்டரி காதில் விழும். அதற்கு மறுநாள் சாயங்காலக் கச்சேரி வேறு ஒருத்திக்குப் போய்விடும். ஆகவே அக்காவை ஊரிலிருந்தே அப்புறப்படுத்திவிடுவது, கேட்பவர்களிடம் பம்பாய்க்குச் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் ஆழ்வார்பேட்டை வக்கீல் மாமா தன் பண்ணை வீட்டைப் பற்றிச் சொன்னார். அவர் அப்பாவின் சிநேகிதர். கொட்டிவாக்கத்திலிருந்து மேற்கே உள்ளே போய்க் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால், கழுவெளி என்கிற சதுப்பு நிலம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பழைய வீடு. யாரோ ஒரு வெள்ளைக்காரன் மாட்டுப்பண்ணை வைக்கலாம் என்று அந்தக் காலத்தில் கட்டியது. வக்கீல் மாமாவின் முன்னோர் யாரோ அவனிடமிருந்து வாங்கி, இப்போது மாமாவுக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் அதன்மேல் கோர்ட்டில் வழக்கு. "தாராளமா தங்குங்கோ. ஆள் இருந்தா எனக்கும் சுவாதீனம் நிக்கும்" என்றார். வக்கீல்கள் உபகாரம் செய்கிற அழகே தனி.

அக்காவுக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். நான் பி.காம். முடித்துவிட்டு, வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேசக் கூடாதவளுக்குத் துணை, பேச்சை நிறுத்தத் தெரியாதவள். இதை நான் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு எனக்கு முதலில் பிடிக்கவில்லை. தடித்த சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிய உயரமான கூரை, பலகை பலகையாகத் திறக்கும் பச்சை ஜன்னல்கள். பாதிப் பலகைகளைக் காணோம். வாசல் நிலைக்கு மேலே கட்டிய வருஷம் செதுக்கிய கல் ஒன்று இருந்தது, ஆனால் பாசி ஏறிக் கடைசி இரண்டு எண்கள் தெரியவில்லை. கூடத்தை ஒட்டியே மாட்டுக் கொட்டில். கல்தொட்டிகள் வரிசையாக இன்னும் இருந்தன. அந்த வெள்ளைக்காரனின் மாடுகள் உப்புத்தண்ணீர் குடித்துக் குடித்து ஒவ்வொன்றாகச் செத்துப்போயினவாம், அவனும் கப்பல் ஏறிவிட்டானாம். கரண்ட் இருந்தது, இருக்கிற அன்று.

பின்கதவைத் திறந்தால் கழுவெளி. இந்தப் பக்கம் ஒரு மரம் கிடையாது, அந்தப் பக்கம் ஒரு வீடு கிடையாது. கோரையும் வெடித்த சேறுமாக, வானம் வந்து தொடுகிற வரைக்கும் ஒரே வெளி. தூரத்தில் குப்பை லாரிகள் கொட்டுகிற இடத்திலிருந்து புகை எழும். கடற்காற்று அடித்தால் அது எங்கள் பக்கம் வராது. மயிலாப்பூர்ச் சந்தில் கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரில் இடிக்கிற எங்களுக்கு, அவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் முதல் நாளே தெரிந்துவிட்டது. பின்கதவுக்கு வெளியே இரண்டு கல்படிகள் இருந்தன. கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தாள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்திருந்தோம். "ரசத்துல உப்பு இல்லை" என்று எழுதிக் காட்டுவாள். நான் எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசுவேன். அவள் அழித்துவிட்டு, "இப்பவும் இல்லை" என்று எழுதுவாள். சண்டையில் அவளை ஜெயிக்க முடியாமல் போனது அந்த வீட்டில்தான். மயிலாப்பூரில் இருந்தவரை அக்கா ரொம்பச் சாது. அப்பா பாடு என்றால் பாடுவாள், அம்மா படு என்றால் படுப்பாள். வாயை மூடிய பிறகுதான் அவளுக்கு இத்தனை அபிப்பிராயங்கள் இருப்பது எனக்கே தெரிந்தது. காகம் பிடிக்காது, கொக்கு பிடிக்கும். பாவாடையில் நீல நிறம் பிடிக்காது. சாயங்காலக் கச்சேரி என்றால் பயமாக இருக்கிறது. இதையெல்லாம் எழுதிக் காட்டினாள்.

வீட்டுச் சாவியை வைத்திருந்தது ஓர் ஆட்டுக்கார அம்மாள். கால்வாய்க் கரையில் குடிசை. கொட்டிலில் தன் ஆடுகளைக் கட்டிக்கொள்ள இடம் கிடைத்ததற்குக் கைமாறாக வீட்டைப் பார்த்துக்கொண்டாள். வந்த இரண்டாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னா பாப்பா, உங்கக்கா வாயே தொறக்க மாட்டேங்குது? அதுக்குப் பேச வராதா?"

உண்மையைச் சொல்லக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு. கொட்டிவாக்கத்து ஆட்டுக்கும் மயிலாப்பூர் சபாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பொத்தாம்பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தேன்.

"அடக் கடவுளே! மூக்கும் முழியுமா இருந்துக்கினு, இப்டி ஒரு கொறையா" என்று அவள் மாராப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அக்காவிடமேதான் பேசினாள். மருமகள் சண்டை, குடித்துவிட்டு வரும் மகன், ஆட்டுக்கு வந்த வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் மேல்படியில் உட்கார்ந்து கொட்டித் தீர்ப்பாள். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை போலிருக்கிறது. அக்கா முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டுவாள். என்னைக் கண்டால் அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிடுவாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மழையைப் பற்றிச் சொன்னது அவள்தான். நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இப்ப காஞ்சிபோய்க் கீதேன்னு பாக்காத கண்ணு. மழ மட்டும் புட்ச்சிக்கினா, தோ, நீ குந்தினுகீற படி வரிக்கும் தண்ணி வந்துரும். காலீல கதவத் தொறந்தா கொக்கு, நார எல்லாம் வாசல்ல நிக்கும். தவள கத்தும் பாரு! நீ இங்க நின்னு தொண்ட கிழியக் கத்துனாலும் பக்கத்துல கீற எனுக்குக் கேக்காது." சொல்லிவிட்டு, பேச வராத பெண்ணிடம் கத்துவதைப் பற்றிச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு அக்கா சிலேட்டை எடுத்தாள்.

"அந்தச் சத்தத்துல நான் பாடினா யாருக்குமே கேக்காது, இல்ல?"

"யாருக்கும் கேக்கலேன்னா எதுக்குப் பாடறது?" என்றேன்.

அழித்துவிட்டு எழுதினாள். "அப்படி ஒரு தடவை பாடணும். முதல்ல அப்படித்தான் பாடிப் பாக்கணும்."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், பிறந்ததிலிருந்து அவள் யாரும் கேட்காமல் ஒரு வரி பாடியதில்லை. குளிக்கும்போது முணுமுணுத்தால்கூட கூடத்திலிருந்து அப்பா "காந்தாரம் கொறையறது" என்பார். ஆக, அவளுடைய திட்டம் இதுதான். தீபாவளிவரை இங்கே இருப்பது. அதற்குள் மழை வந்துவிடும், கழுவெளி நிறையும், தவளைகள் வந்துவிடும். டாக்டர் சரி என்றதும் ஒரு நாள் திரும்பி வந்து, இந்தப் படியில் உட்கார்ந்து, அந்த இரைச்சலுக்கு நடுவே முதல் குரலை விட்டுப் பார்ப்பது. வந்தால் வந்தது. வராவிட்டால் அது அவளுக்கும் தவளைகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

தினமும் காலையில் எழுந்ததும் கிழக்கே பார்ப்பாள். புரட்டாசி வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. ஐப்பசி பிறந்த பிறகுதான் சாயங்காலங்களில் கடல் பக்கம் கறுக்க ஆரம்பித்தது. அக்காவுக்கு முகம் தெளிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கும் அந்த வீடு பிடித்துப்போயிற்று. வங்கிப் பரீட்சைக்குக்கூடக் கொஞ்சம் படித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாவும் அம்மாவும் வக்கீல் மாமாவின் காரில், தம்புராவைக் கைக்குழந்தை மாதிரி போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். தம்புராவைக் கூடத்தில் சாத்தி, பொட்டு வைத்து, பக்கத்தில் என்னுடைய வங்கிப் பரீட்சைப் புத்தகங்களையும் அடுக்கினார்கள். அன்று முழுக்கப் படிக்கக் கூடாது, வாசிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி. அன்று வித்தை கற்றவர்கள் வித்தையைத் தொட்டே ஆக வேண்டும். படிக்கிற பிள்ளை ஒரு பக்கமாவது படிக்கும், வீணை கற்றவள் ஒரு தடவையாவது மீட்டுவாள். தொடாவிட்டால் அந்த வருஷம் வித்தை கோபித்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் வீட்டில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போன்ற விஷயம்.

திங்கட்கிழமை காலையில் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து தம்புரா முன்னால் உட்கார்ந்தாள்.

"தந்தியை மீட்டு, போறும்" என்றாள் அம்மா.

மீட்டினாள். சுருதி சேர்த்தாள். கூரை உயரமான வீடு. சுருதி மேலே போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. 

"ஒரே ஒரு ஸா" என்றார் அப்பா. "மெதுவா. காத்து மாதிரி."

"டாக்டர் தீபாவளி கழிச்சுன்னு சொல்லியிருக்கார்" என்றேன் நான்.

"நல்ல நாளும் அதுவுமா அச்சானியமாப் பேசாதேடி" என்று அம்மா என் மேல் சீறினாள். "சரஸ்வதிக்கு முன்னாடி ஒரு ஸா சொன்னா என்ன ஆயிடும்? அவ பாத்துக்க மாட்டாளா?"

அக்கா என்னைப் பார்த்தாள். திறந்திருந்த பின்கதவைப் பார்த்தாள். வெளியே கழுவெளி வெடித்த சேறாகவே கிடந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஸா பிடித்தாள்.

வந்தது. ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.  அக்கா பஞ்சமத்துக்குப் போனாள், வந்தது. மேல் ஸட்ஜத்தைத் தொட்டாள், காற்று மட்டும் வந்த இடமாயிற்றே என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன், அதுவும் வந்தது. அப்பா தொடையில் கை வைத்துவிட்டார். "ஒரு கீதம்" என்றார். கீதம் முடிந்ததும் "ஒரே ஒரு வர்ணம், முதல் காலத்துல" என்றார். அக்கா பாடினாள். அம்மா ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பொய் சொல்வானேன், நானும் அழுதேன். அவள் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை.

பின்கதவில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் ஆட்டுக்கார அம்மாள். கையிலிருந்த வாளி படியில் உருண்டு கிடந்தது. "யம்மா! அது பாடுதே! வாய் வந்திருச்சே!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள். நான் கிட்டே போய் விஷயத்தைச் சொல்வதற்குள், கால்வாய்க் கரை அம்மன் கோயிலுக்குக் கற்பூரம் கொளுத்த ஓடிவிட்டாள்.

அன்று அந்தக் குரல் வராமல் இருந்திருக்கலாம். இதை எத்தனை தடவை நினைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஸா பிடித்ததும் உடைந்திருந்தால், அம்மா பயந்துபோய் வாயைப் பொத்தியிருப்பாள், நாங்கள் இன்னும் இருபது நாள் அங்கேயே கிடந்திருப்போம், உள்ளே இருந்த புண் ஆறியிருக்கும். மேலே ஆடை கட்டிவிட்ட பாலைப் பார்த்து அடுப்பை விட்டு நகர்ந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம் நாங்கள்.

சாப்பாடு ஆனதும் அப்பா, "இன்னிக்கே கிளம்பிடலாம்" என்றார். நல்ல நாள், குரல் வந்துவிட்டது, பக்கவாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு ஒத்திகை பார்க்க வேண்டும், ராகம் தானம் பல்லவி தயார் செய்ய வேண்டும். நாளைக்குப் போகலாமே என்று நான் இழுத்தேன். அம்மா விரலை மடக்கினாள். நாளை செவ்வாய், வடக்கே சூலம். புதன்கிழமையும் வடக்கே சூலம். கொட்டிவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வடக்கே. சூலம் இருக்கிற திசையில் நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது. அப்புறம் வியாழன் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த அம்மா, அன்று பதறிப் பதறிப் பாத்திரங்களைக் கட்டினாள்.

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா அவள் வாயருகே கையை நீட்டிவிட்டாள். "பேசாதே, பேசாதே. குரலைப் பேசி வீணாக்காதே, பாட்டுக்கு வெச்சுக்கோ."

ஒரு வர்ணம் முழுசாகப் பாடலாம், ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த நியாயம் அப்போது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அக்கா சிலேட்டை எடுத்து எழுதி, அம்மாவிடம் நீட்டினாள்.

"மழை வரட்டும். அப்புறம் போகலாம்."

அம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். கோபமாகக்கூட இல்லை, கொஞ்சலாகத்தான் சொன்னாள். "அசடு. மயிலாப்பூர்லயும் அதே மழைதாண்டி பெய்யறது." சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் சிலேட்டைத் துடைத்து, பைக்குள் வைத்துவிட்டாள். கார் பாலத்தைத் தாண்டும்போது அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடல் பக்கம் வானம் கன்னங்கரேலென்று நின்றது.

மறுநாள் விடிந்தபோது எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். அப்பா காபியைக் குடித்துக்கொண்டே, "நல்லவேளை, நேத்தே வந்துட்டோம்" என்றார்.

டாக்டரிடம் போகவில்லை. சரியான தொண்டையை எதற்குக் காட்ட வேண்டும், கண் பட்டுவிடும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். தினமும் காலையிலும் சாயங்காலமும் சாதகம். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது லேசாகக் கரகரத்தது, பட்சணத்து எண்ணெய் என்றார்கள். கார்த்திகை பிறந்து, ஒரு நாள் பல்லவியின் நடுவில் அக்கா சட்டென்று நிறுத்தினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, இல்லை" என்றாள். அதுதான் பழைய குரலின் கடைசி வார்த்தை. அதுவும் பாதிக்குமேல் காற்றுதான்.

அடையாறு டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எப்ப பாட ஆரம்பிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். "விஜயதசமி அன்னிக்கு" என்றார் அப்பா. டாக்டர் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, திரும்பவும் ரத்தம் கசிந்து அந்த இடம் தழும்பாகிவிட்டது, பேச்சு வரும், பாட்டு வராது என்று நிதானமாகச் சொன்னார். அப்பா தன் இரண்டு கைகளையும் தொடையிலிருந்து எடுத்து மேல்துண்டுக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கச்சேரியிலும் தாளம் போட்டு நான் பார்த்ததில்லை. அம்மா சிலேட்டை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை, அதன் பிறகு கண்ணில் படவில்லை.

அக்கா தி. நகரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். வாய் திறக்காமல் பார்க்கிற வேலை. நான் பரீட்சையில் தேறி வங்கிக்குப் போனேன். கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினேன். அக்காவின் புதுக் குரலை முதல்முறை கேட்கிற மயிலாப்பூர் மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான். புருவம் ஏறும், "த்சொ" என்று ஒரு சத்தம் வரும், பேச்சைக் கோயில் பக்கம் திருப்புவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் வக்கீல் மாமாவின் வழக்கு தீர்ந்தது. ஜெயித்த பங்காளி வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போவதாக மாமா சொன்னார். "உங்காத்துப் பித்தளைக் குடம் ஒண்ணு அங்கேயே கிடக்கு, எடுத்துண்டு போயிடுங்கோ" என்றார். ஒரு பங்குனி மாதம் நானும் அக்காவும் ஆட்டோவில் போனோம்.

கூரையைப் பாதி பிரித்திருந்தார்கள். தேக்கு உத்தரங்கள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. வருஷம் செதுக்கிய கல்லைக் காணோம். ஆட்டுக்கார அம்மாள் மட்டும் இருந்தாள். கால்வாய்க் கரைக் குடிசைகளையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், எங்கேயோ தூரத்தில் இடம் தருகிறார்களாம். குடத்தைப் பத்திரமாக வைத்திருந்தாள். அக்காவை அடையாளம் கண்டுகொள்ளாமல் உற்றுப் பார்த்தாள்.

"என்னைத் தெரியறதா? சௌக்கியமா இருக்கேளா?" என்றாள் அக்கா.

அந்த அம்மாளின் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஓடிவந்து அக்காவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "பேசுது! பாப்பா, உங்கக்கா பேசுதே! எவ்ளோ நல்லா பேசுது! அன்னிக்கிப் பாடுச்சே, அத்தோட நின்னுப்பூட்ச்சோ இன்னாவோன்னு நான் பயந்துக்கினே இருந்தேன். ஆத்தா குட்த்தத எட்த்துக்கல பாரு!" என்று சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். அந்தக் குரலைக் கேட்டு இந்த உலகத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஒருத்தி அவள்தான். அக்கா சிரித்தாள். நானும் உண்மையைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பின்கதவு இல்லை, நிலை மட்டும் நின்றது. படிகள் இருந்தன. அக்கா கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "அந்த வருஷம் தண்ணி வந்துதா?"

"அய்ய, அத்த ஏன் கேக்குற கண்ணு. நீங்க காரு ஏறிப் போனீங்களே, அன்னிக்கி ராவே புட்ச்சிக்கிச்சி. காலீல பாத்தா படி முழுகிப்போச்சி. பாலத்தையே காணோம். தீவாளி தாண்டற வரிக்கும் ஒரு வண்டி உள்ள வர்ல, வெளிய போவ்ல. தவள கத்துச்சி பாரு, காதே போச்சி எனுக்கு. நீங்க மட்டும் அன்னிக்கி ஒரு ராத்திரி தங்கிக்கினு இருந்தீங்கன்னா அவ்ளோதான், எல்லாரும் இங்கியே மாட்டிக்கினு இருப்பீங்க." பெருமூச்சு விட்டாள். "நல்லவேள, தப்ச்சிங்க."

அக்கா கல்படியைக் கையால் தடவினாள். காய்ந்த கழுவெளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.  குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். தீபாவளி கழியட்டும் என்று டாக்டர் கேட்ட நாட்களை, எங்களை அங்கேயே அடைத்து வைத்தாவது வாங்கித் தர மழை வந்திருக்கிறது. ஒரு ராத்திரி நாங்கள் அதற்குக் காத்திருக்கவில்லை.

ஆட்டோ அடையாறு பாலம் ஏறியபோதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"அப்பாகிட்ட இதைச் சொல்லாதே. அம்மாகிட்டயும்."

வீட்டில் அம்மா, குடம் நசுங்கியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா ஈஸிசேரிலிருந்து, "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "இடிச்சிண்டிருக்கா" என்றேன். இப்போது அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. பாலம் மூழ்கிய விஷயம் கடைசிவரை அவர்களுக்குத் தெரியாது. தவளை என்று பெயர் வாங்கிய நான் ஆயுசில் வாயைத் திறக்காமல் காப்பாற்றிய விஷயம் அது ஒன்றுதான்.